இஎஸ்சி மறுபடி புகைந்தது: காரைக்குடி நண்பருக்கு
மோட்டார் பொருத்திய உங்கள் சைக்கிளில், நின்ற இடத்தில் த்ராட்டிலைத் திருகியதும் இரண்டாவது இஎஸ்சியும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) புகைந்தது என்கிறீர்கள். குறை அதில் இல்லை, பல்சக்கரத்தில். உங்கள் 270 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 270 சுற்று) மோட்டார் 22.2 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 6000 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்துக்கு, 25 கிலோமீட்டர் வேகத்தில், 200 சுற்று போதும். அப்படியானால் 30-க்கு 1 குறைக்க வேண்டும். நீங்கள் வைத்திருப்பது 4-க்கு 1! மோட்டார் கிளம்ப முடியாமல் திணறும்போது மின்னோட்டம் எகிறி, இஎஸ்சிக்குள் ஸ்விட்ச்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட் கருகுகிறது.

முதலில் பெல்ட், அடுத்து செயின் என்று இரண்டு கட்டமாகக் குறையுங்கள். உங்களுடையது சென்சார் இல்லாத மோட்டார்; நின்ற நிலையிலிருந்து அது சரியாகக் கிளம்பாது. நாலு மிதி மிதித்து வண்டி உருண்ட பிறகே திருகுங்கள். குன்றக்குடி சாலையில் நான் அப்படித்தான் கிளம்புவேன்.

அப்புறம், தீப்பற்றக்கூடிய லைபோ பேட்டரியைத் தேக்குத் தூண் பக்கம் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். திறந்த முற்றத்தில், வெறும் தரையில், பக்கத்திலேயே இருந்து போடுங்கள்.