கரியமில வாயுவை மண்ணிலும் பாறையிலும் பூட்ட முடியுமா? வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என் மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் 0.45 சதவீதம். "இயற்கை முறைக்கு மாறினால் ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 டன் கரியமில வாயு மண்ணில் சேரும், கார்பன் கிரெடிட் வாங்கித் தருகிறோம்" என்று ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?
— மன்னார்குடி வாசகர்

கார்பன் கிரெடிட் என்பது சேமித்த கரியமில வாயுவுக்குக் கிடைக்கும், விற்கக்கூடிய சான்று. முகவர் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். மேல் 30 செ.மீ. ஆழத்துக்கு அது 1,214 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 1.4 டன் என்று வைத்தால் 1,700 டன். அங்ககக் கரிமம் 0.1 சதவீதம் கூடினால் 1.7 டன் கரிமம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு டன் கரிமம் எரிந்தால் 3.67 டன் கரியமில வாயு ஆகும்; அதனால் 3.67 ஆல் பெருக்கினால் 6.2 டன் கரியமில வாயு. ஆக, முகவர் சொல்லும் 5 டன்னுக்கு உங்கள் வயலில் ஆண்டுதோறும் 0.08 சதவீதம் ஏற வேண்டும். 0.45 இரண்டே ஆண்டில் 0.61 ஆக வேண்டும்.

இப்போது போடுகிற உரத்தைப் பாருங்கள். ஏக்கருக்கு 5 டன் தொழுஉரம் போடுகிறீர்கள் என்று கொள்வோம். பாதி ஈரம், மீதியில் சாம்பலும் மண்ணும் போக, கரிமம் ஏறத்தாழ முக்கால் டன்தான். நம் வெயிலில் அதில் பெரும்பங்கை நுண்ணுயிர்கள் சில ஆண்டுகளில் தின்று மீண்டும் கரியமில வாயுவாக விட்டுவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலும் கிடைப்பது கால் டன் கரியமில வாயுவுக்குச் சற்று அதிகம். 5 டன் எங்கே, இது எங்கே! தவிர, அந்தச் சாணம் வேறொருவர் நிலத்துக்குப் போக வேண்டியதாக இருந்தால் நாட்டுக்கு லாபம் ஒன்றுமில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

கோவையில் 1909 முதல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனை வயலும், இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் ஹூஸ்ஃபீல்டு வயலும் இதற்குத்தான் பொன்னான சாட்சிகள். ஹூஸ்ஃபீல்டில் 1852 முதல் ஆண்டுக்கு எக்டேருக்கு 35 டன் தொழுஉரம் போடுகிறார்கள். முதல் சில பத்தாண்டுகள் கரிமம் நன்றாக ஏறியது; பிறகு ஏற்றம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு பகுதியில் 1871-இல் உரத்தை நிறுத்தினார்கள்; ஏறியது இறங்கத் தொடங்கியது. மண் நிரம்பும், கவனிப்பை விட்டால் வடியும். கரிமத்தை ஏற்றுங்கள், கட்டாயம் ஏற்றுங்கள்: மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும், உரச்செலவு குறையும். ஆனால் அந்த 5 டன்னை நம்பி 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே வயல் மண்ணை இரண்டு பரிசோதனை நிலையங்களுக்குக் கொடுத்தேன். ஒன்றில் 0.45, இன்னொன்றில் 0.58. எது சரி?
— ஒரத்தநாடு வாசகர்

இரண்டும் சரியாக இருக்கலாம். பெரும்பாலான நிலையங்களில் வாக்லி–பிளாக் முறைதான். மண்ணைப் பொடித்து 0.2 மி.மீ. சல்லடையில் சலித்து, ஒரு கிராம் எடுத்து, 10 மி.லி. பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலும் 20 மி.லி. அடர் கந்தக அமிலமும் சேர்த்து அரை மணி நேரம் வைப்பார்கள். பிறகு 200 மி.லி. தண்ணீரும் பாஸ்பாரிக் அமிலமும் ஊற்றி, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீல ஊதா நிறம் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு தாண்டினாலும் கணக்கு பிசகும்.

வெளியிலிருந்து சூடு கொடுக்காததால் இந்த முறையில் கரிமம் முழுதும் எரியாது. சுமார் 77 சதவீதம்தான் எரியும். அதனால் விடையை 1.3 ஆல் பெருக்கும் வழக்கம் உண்டு. சில நிலையங்கள் பெருக்குகின்றன, சில பெருக்குவதில்லை. 0.45-ஐ 1.3 ஆல் பெருக்கினால் 0.585. உங்கள் வித்தியாசம் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். முதல் ஆண்டு பெருக்காமலும் ஐந்தாம் ஆண்டு பெருக்கியும் எழுதினால், வயலில் ஒன்றும் செய்யாமலே ஏக்கருக்கு 8 டன் கரியமில வாயு "சேமித்ததாக" ஏட்டில் வந்துவிடும்! எனவே ஒரே நிலையம், ஒரே முறை, ஒரே மாதம்.

மாதிரி எடுப்பதிலும் கவனம் தேவை. உர அட்டைக்கு 15 செ.மீ. ஆழம் போதும், கரிமக் கணக்குக்கு 30 செ.மீ. வேண்டும். ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக எடுங்கள். வரப்போரம், வாய்க்கால் ஓரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மண்ணின் கன அடர்த்தியையும் பார்க்க வேண்டும்: 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட இரும்பு வளையத்தைக் கலையாமல் மண்ணில் இறக்கி எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போடுங்கள். வளையத்தின் கொள்ளளவு 98 கன செ.மீ.; எடை 137 கிராம் என்றால் அடர்த்தி 1.4. புதிதாக உழுத வயலில் இது 1.2-க்கும் இறங்கும். அந்த நேரத்தில் 30 செ.மீ. அளந்தால் முன்பு எடுத்ததைவிடக் குறைந்த எடை மண்ணைத்தான் ஒப்பிடுகிறீர்கள்.

கேள்வி: வைக்கோலை எரிக்காமல் மடக்கி உழுதால் கரிமம் சேருமா?
— திருவாரூர் வாசகி

சேரும், கொஞ்சம். ஆனால் தண்ணீர் தேங்கிய சேற்றில் பச்சை வைக்கோலை மடக்கினால் மீத்தேன் கிளம்பும். நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் கிட்டத்தட்ட 27 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம்; மண்ணில் சேர்த்ததை அதுவே விழுங்கிவிடும். தழைச்சத்தையும் நுண்ணுயிர்கள் இழுத்துக்கொள்வதால் இளம்பயிர் மஞ்சளாகும். நடவுக்கு மூன்று வாரம் முன்னதாக, நிலம் ஈரமாக இருந்தும் தண்ணீர் நிற்காத நேரத்தில் மடக்குங்கள். முடியாவிட்டால் மட்கவைத்துப் போடுங்கள்.

கேள்வி: ஐஸ்லாந்தில் கரியமில வாயுவைக் கல்லாக மாற்றுகிறார்கள் என்று படித்தேன். உண்மையா?
— சேலம் வாசகி

உண்மை. அதன் இயற்கை வடிவம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் கருமை படிந்த டியூனைட் பாறையின் விரிசல்களுக்குள் வெள்ளை வெளேரென்று மேக்னசைட் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். டியூனைட்டில் உள்ள மக்னீசியமும் நீரில் கரைந்து வந்த கரியமில வாயுவும் சேர்ந்து உண்டான கல் அது. தூய மேக்னசைட்டின் எடையில் 52 சதவீதம் கரியமில வாயு. (சூளையில் அதைச் சுட்டால் அவ்வளவும் திரும்பக் காற்றுக்கே போய்விடுகிறது.)

ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்டி புவிவெப்ப மின்நிலையத்தருகே, கார்ப்ஃபிக்ஸ் திட்டத்தில், 2012-இல் 175 டன் தூய கரியமில வாயுவைத் தண்ணீரில் கரைத்து, 400 முதல் 800 மீட்டர் ஆழத்திலுள்ள பசால்ட் பாறைக்குள் (எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான கல்) செலுத்தினார்கள். அமிலமான அந்த நீர் பாறையிலிருந்து கால்சியம், மக்னீசியம், இரும்பைக் கரைக்கும். கரைக்கக் கரைக்க அமிலத்தன்மை தணிந்து கார்பனேட் படியும். 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டது. கண்காணிப்புக் கிணற்றில் இருந்த நீர்மூழ்கி மோட்டார் ஒரு கட்டத்தில் நின்றுபோனது. மேலே தூக்கிப் பார்த்தால் அதன் மேலெல்லாம் கால்சைட் என்ற கார்பனேட் படிந்திருந்தது. வாயு கல்லாகிறது என்பதற்குக் கண்ணெதிரே கிடைத்த சான்று.

இதன் பலவீனம் தண்ணீர். ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேண்டும். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிதியில் வாஷிங்டன் மாநிலம் வல்லூலாவில் 2013-இல் தண்ணீரில்லாமல், அழுத்திய வாயுவாகவே 977 டன்னை 800 மீட்டருக்கும் கீழே செலுத்தினார்கள். எரிமலைக் குழம்பு ஒவ்வொரு முறை ஓடி உறைந்தபோதும் அதன் மேல்பகுதியில் குமிழ்த் துளைகள் உண்டாயின. வாயு அங்கே தங்கியது. அடுத்த குழம்பின் கெட்டியான நடுப்பகுதி மூடியாக நின்றது. இரண்டு ஆண்டு கழித்துப் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தபோது துளைகளுக்குள் ஆங்கரைட் என்ற கார்பனேட் உருண்டைகள் இருந்தன.

டியூனைட்டைப் பொடித்து வயலில் தூவலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அதில் நிக்கலும் குரோமியமும் உண்டு. மண்ணையும் தானியத்தையும் சோதிக்காமல் தூவ வேண்டாம்.

கேள்வி: பூமிக்குள் அடைத்த வாயு வெடித்து வெளியே வந்தால்?
— சென்னை வாசகர்

வெடிக்க அது எரிவாயு அல்ல, கசிவதுதான் கவலை. 800 மீட்டருக்குக் கீழே அழுத்தத்தால் அது திரவம் போல அடர்த்தியாகிவிடும். அமெரிக்காவின் இலினாய் மாநிலம் டிகேட்டூரில், அரசு நிதியில் 2011 நவம்பர் முதல் 2014 நவம்பர் வரை, ஒரு எத்தனால் ஆலையின் வாயுவை நாளுக்குச் சுமார் ஆயிரம் டன் வீதம், மொத்தம் ஏறத்தாழ 10 லட்சம் டன் செலுத்தினார்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே உள்ள மவுண்ட் சைமன் மணற்கல்தான் கிடங்கு. மேலே களிப்பாறை மூடி. நில அதிர்வுகள் பதிவாயின. பெரும்பாலும் மனிதர் உணர முடியாதவை.

பாறை நம்பிக்கையானது, கிணறுதான் பலவீனம். உலர்ந்த கரியமில வாயு எஃகை ஒன்றும் செய்யாது. ஈரம் பட்டால் அமிலமாகிக் குழாயையும் சிமெண்டையும் அரிக்கும். அதே இடத்தில் பின்னர் தொடங்கிய பெரிய திட்டத்தில், ஒரு கண்காணிப்புக் கிணற்றின் குழாய் அரிக்கப்பட்டு, அனுமதித்த மண்டலத்துக்கு வெளியே திரவம் நகர்ந்தது; 2024-இல் செலுத்துவதை நிறுத்தினார்கள். குடிநீருக்குப் பாதிப்பில்லை. ஆனாலும் கசிவைக் கண்டுபிடிக்க வைத்த கிணறே கசிந்தது என்பதை எந்தத் திட்டமும் மறக்கக் கூடாது.

மக்களுக்கு நேரடி ஆபத்து தரைமேல் குழாயில். 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியின் சட்டார்ஷியா அருகே மழையில் மண் சரிந்து குழாய் உடைந்தது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான வாயு பள்ளத்தில் தேங்கியது. ஆக்சிஜன் இல்லாமல் கார் இன்ஜின்களே நின்றன. சுமார் 200 பேர் வெளியேற்றப்பட்டார்கள், 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். குழாய் போகும் ஊர்களில் தாழ்வான பக்கம் ஓடாமல் மேட்டுக்கும் காற்று வரும் பக்கத்துக்கும் போகப் பழக்க வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் இது முடியுமா?
— திருச்சி வாசகர்

பெரும்பகுதியில் முடியாது. நம் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற கெட்டிப் பாறைகள். போர்வெல் போட்டவர்களுக்குத் தெரியும், விரிசலில்தான் தண்ணீர், கல்லுக்குள் இடமே இல்லை. ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரவிய தக்காணத்துப் பசால்ட் வடக்கே மகாராஷ்டிரப் பக்கம். இங்கே நுண்துளைப் பாறை என்றால் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் காவிரிப் படுகைதான். அங்கே வாயுவைச் செலுத்துவது பற்றி யார் பேசினாலும், கைவிட்ட பழைய எண்ணெய்க் கிணறுகள் எங்கெங்கே, எந்த ஆழத்தில், எப்படி சிமெண்ட் போட்டு அடைத்தார்கள் என்ற வரைபடத்தை முதலில் மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள்.