டெப்த் கேமரா சொல்ற தூரத்தை எவ்வளவு நம்பலாம்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

வணக்கம். டெப்த் கேமரா (படத்துல ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்ற கேமரா) வச்சு பெட்டி, பலகை, மூட்டைன்னு அளவெடுக்கிற வேலைதான் பல வருஷமா பார்த்துட்டு இருக்கேன். வந்த கேள்விகளை சுருக்கிப் போட்டு கீழயே பதில் எழுதிருக்கேன்.

கேள்வி: அக்கா, ரியல்சென்ஸ் டி435 டெப்த் கேமரா வாங்கிருக்கோம். டேட்டாஷீட்ல 2 மீட்டர்ல பிழை 2 சதவீதத்துக்குள்ளன்னு இருக்கு. அப்போ 2 மீட்டர்ல 4 செ.மீ., 4 மீட்டர்ல 8 செ.மீ.ன்னு கணக்கு வச்சுக்கலாமா?

முதல் பாதி சரி தம்பி, ரெண்டாவது பாதியிலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. இது ஸ்டீரியோ கேமரா, நம்ம ரெண்டு கண்ணு மாதிரி ரெண்டு லென்ஸ்ல விழுற படத்துக்கு நடுவுல எத்தனை பிக்சல் விலகல்னு பார்த்து தூரம் கண்டுபிடிக்குது, பொருள் தள்ளிப் போகப்போக அந்த விலகல் சுருங்கிடும், அதனால பிழை தூரத்தோட வர்க்கத்துல ஏறும். தூரம் 2 மடங்குன்னா பிழை 4 மடங்கு. அந்த 4 செ.மீ. 4 மீட்டர்ல 16 செ.மீ. வரைக்கும் போகலாம்னு வச்சுக்கோங்க.

கணக்கு போட்டே பார்த்துடலாம். தூரத்தோட வர்க்கத்தை சப்பிக்சல் பிழையால (விலகலைக் கண்டுபிடிக்கிறதுல வர்ற, ஒரு பிக்சலுக்கும் குறைவான தப்பு) பெருக்கி, ஃபோக்கல் லெங்த் (லென்ஸோட குவியத் தூரம், பிக்சல் கணக்குல) இன்டு பேஸ்லைனால (ரெண்டு லென்ஸுக்கும் நடுவுல உள்ள இடைவெளி) வகுக்கணும். டி435ல பேஸ்லைன் 50 மி.மீ., 848 பிக்சல் அகலத்துல ஃபோக்கல் லெங்த் தோராயமா 445 பிக்சல், நல்லா டெக்ஸ்ச்சர் (புள்ளி, கோடு மாதிரி அடையாளங்கள்) இருக்கிற சுவர்னா சப்பிக்சல் பிழை 0.08னு எடுத்துக்கலாம். 1 மீட்டர்ல 3.6 மி.மீ., 2 மீட்டர்ல 14, 4 மீட்டர்ல 57 மி.மீ. வரும். அதே 4 மீட்டருக்கு ரியல்சென்ஸ்லயே டி455 மாடல் போட்டா பேஸ்லைன் 95 மி.மீ.ங்கிறதால 30 மி.மீ. கிட்ட இறங்கிடும். இதெல்லாம் வெறும் நாய்ஸ் (எண் அங்க இங்க துள்ளறது) மட்டும், கேலிபரேஷன் (லென்ஸ்களோட நிலையை அளந்து கேமராவை சரிபண்றது) பிழை இதுக்கு மேல தனி. தூரமா அளக்கணும்னா வாங்கறப்பவே பேஸ்லைனைப் பாருங்க.

கேள்வி: மேடம், எங்க கேமரா நம்பகமானதான்னு நாங்களே டெஸ்ட் பண்ண சரியான முறை என்ன?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன். ஒரு சமதளமான சுவர் வேணும், வெறும் வெள்ளைச் சுவர் வேண்டாம், ஸ்டீரியோவுக்கு அது எதிரி, நியூஸ்பேப்பர் தாளை சுருக்கமில்லாம ஒட்டினாலே போதும். கேமராவை ஆன் பண்ணி அரை மணி நேரம் ஓடவிடுங்க, சூடேறும்போது எண் மெதுவா நகரும், அது அடங்கட்டும். அப்புறம் எல்லா ஃபில்டரையும் ஆஃப் பண்ணுங்க, முக்கியமா டெம்போரல் ஃபில்டர் (அடுத்தடுத்த ஃபிரேம், அதாவது படங்களை கலந்து எண்ணை சீராக்கறது), ஏன்னா அது நாய்ஸை மறைச்சு காட்டும், ஓட்டை விழுந்த இடத்துல பழைய ஃபிரேமோட எண்ணையே எடுத்துப் போட்டு நிரப்பிடும். கேமரா சுவருக்கு நேரா நிக்குதான்னு பார்க்க படத்தோட இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே தூரம் காட்டுதான்னு பாருங்க.

அரை மீட்டர், 1, 1.5, 2, 3 மீட்டர்னு நகர்த்தி ஒவ்வொரு இடத்துலயும் 100 ஃபிரேம் எடுங்க. லேசர் மீட்டர்ல உண்மையான தூரத்தைக் குறிச்சுக்கோங்க. இப்போ 4 விஷயத்தை தனித்தனியா பார்க்கணும், ஒண்ணா கலந்துடாதீங்க. உண்மையான தூரத்துல இருந்து சராசரி எவ்வளவு தள்ளி இருக்கு, ஒரே பிக்சல் ஃபிரேமுக்கு ஃபிரேம் எவ்வளவு துள்ளுது, ஒரே ஃபிரேமுக்குள்ள சுவர் எவ்வளவு மேடு பள்ளமா தெரியுது (இதுக்கு புள்ளிகளுக்கு நடுவுல ஒரு சமதளத்தைப் பொருத்தி, அதாவது பிளேன் ஃபிட் பண்ணி, புள்ளிகள் அதுல இருந்து எவ்வளவு விலகி மிச்சம் நிக்குதுன்னு பார்க்கணும்), அப்புறம் எத்தனை சதவீத பிக்சல்ல எண்ணே வரல. இதுல மேடு பள்ளத்தை அனேகமா யாரும் பார்க்கறதில்ல, ஆனா பெட்டி அளக்கிறவங்களுக்கு அதுதான் உயிர்.

ஒரு எச்சரிக்கை, எண் வராத பிக்சல்ல கேமரா 0ன்னு போடும். அது தூரம் இல்ல, "தெரியல"ங்கறதுதான். அதையும் சேர்த்து சராசரி போட்டு, கேமரா குறைச்சுக் காட்டுதுன்னு புகார் சொன்னவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன்.

இன்னொண்ணு, கேமரா 0ன்னு வச்சுக்கிற புள்ளி முன் கண்ணாடில இருக்காது, சில மி.மீ. உள்ளே இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். அதனால 1 மீட்டர்ல ஒரு தடவை, 1.5 மீட்டர்ல ஒரு தடவை எடுத்து ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் 500 மி.மீ. வருதான்னு பாருங்க, அந்தக் குழப்பமே அடிபட்டுப் போயிடும்.

கேள்வி: படத்தோட ஓரத்துல இருக்கிற பொருளுக்கு டேப் 138 செ.மீ. காட்டுது, கேமரா 100ன்னு சொல்லுது. கேமரா போச்சா?

கேமரா நல்லாத்தான் இருக்கு. அது கொடுக்கிறது லென்ஸ்ல இருந்து பொருளுக்கு இழுக்கிற கோட்டோட நீளம் இல்ல, கேமரா முகத்துக்கு நேர்குத்தா அளக்கிற ஆழம். டி435ல பார்வை அகலம் 87 டிகிரி, ஓரத்துல 43.5 டிகிரி சாய்வு, 100ஐ அந்தக் கோணத்தோட கொசைனால (cos) வகுத்தா 138 வரும். நேர் தூரம் வேணும்னா பிக்சலை முப்பரிமாணப் புள்ளியா மாத்திட்டு கணக்கு போடுங்க.

கேள்வி: சிஸ், 1000 ஃபிரேம் சராசரி எடுத்தா மி.மீ. துல்லியம் கிடைச்சிடும்தானே?

துள்ளல் குறையும், 100 ஃபிரேம்னா ஏறக்குறைய பத்துல ஒரு பங்கு ஆகும், அதுவும் ஃபிரேமுக்கு ஃபிரேம் பிழை தற்செயலா இருந்தாத்தான். நிரந்தரமா ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கிற பிழை ஒரு இழை கூட நகராது. ஒரு குடோன்ல பெட்டி உயரம் அளக்க மேல கேமரா மாட்டியிருந்தோம், எண் ராத்திரி பூரா அசையாம நின்னுச்சு, எனக்கு அவ்வளவு சந்தோஷம், ஆனா காலையில டேப் வச்சுப் பார்த்தா எல்லா பெட்டியும் 12 மி.மீ. கூட. மாட்டின பிராக்கெட் லேசா இறங்கியிருந்தது, நாங்க தரையோட தூரத்தை முதல் நாள் எடுத்த எண்ணாவே வச்சிருந்தோம். அன்னிலேர்ந்து தரையையும் ஒவ்வொரு அளவெடுப்போடயும் சேர்த்தே அளக்கிறோம்.

கேள்வி: எவர்சில்வர் பாத்திரம், பாலிஷ் போட்ட கிரானைட் தரை, கருப்பு ரப்பர். மூணுலயும் எண் கன்னாபின்னான்னு வருது.

வரத்தான் செய்யும். பளபளப்பான தரையில ஸ்டீரியோ கேமரா மேல இருக்கிற லைட்டோட பிரதிபலிப்பைப் பார்த்து அது தரைக்குக் கீழ இருக்குன்னு கணக்கு போடும், ரோபோ அங்க குழி இருக்குன்னு நின்னுடும். கருப்பு ரப்பர் ஒளியை விழுங்கிடும், டைம் ஆஃப் ஃப்ளைட் கேமராவுக்கு (ஒளியை அனுப்பி அது திரும்பி வர்ற நேரத்தை வச்சு தூரம் அளக்கிற வகை) திரும்பி வர்ற வெளிச்சம் போதாது. அந்த வகைக்கு இன்னொரு தொல்லை, ரெண்டு சுவர் சேர்ற மூலையில ஒளி அங்க இங்க பட்டு சுத்தி வர்றதால மூலை உள்ள தள்ளி, வளைஞ்சு தெரியும். பொருளோட விளிம்புல முன்னாடி இருக்கிறதுக்கும் பின்னாடி சுவருக்கும் நடுவுல அந்தரத்துல புள்ளிகள் மிதக்கும், பெட்டி ஓரத்துல சில பிக்சலை வெட்டி எறிஞ்சிட்டு அளங்க. பாத்திரத்துக்கு என்கிட்ட இருக்கிற நேர்மையான பதில், மேல மங்கலான ஸ்பிரே அடிக்க முடியலன்னா டெப்த் கேமராவை நம்பாதீங்க.

கேள்வி: ஐபோன் லைடார்ல (லேசரால தூரம் அளக்கிற சென்சார்) ஜன்னல் அளந்து கதவு ஆர்டர் பண்ணலாமா?

வேண்டாங்க. 2020ல ஐபேட் ப்ரோலயும் ஐபோன் 12 ப்ரோலயும் வந்தது, 5 மீட்டர் வரைக்கும் பார்க்கும், ஆனா ஆப்புக்கு கிடைக்கிற டெப்த் மேப் 256க்கு 192தான், அதுவும் கலர் படத்தை வச்சு இடைவெளியை ஊகிச்சு நிரப்பினது. சோஃபா ரூம்ல நுழையுமான்னு பார்க்க போதும். ஜன்னல் சட்டம் வெட்ட டேப்தான்.

கேள்வி: காலேஜ் லேப்ல 2010ல வந்த முதல் கினெக்ட் (மைக்ரோசாஃப்ட்டோட வீடியோ கேம் டெப்த் கேமரா)தான் இருக்கு சார், ப்ராஜெக்ட்டுக்கு ஆகுமா?

(சார் இல்ல, அக்கா.) 3 மீட்டருக்குள்ளன்னா தாராளமா. 5 மீட்டர்ல அதோட ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவுல 7 செ.மீ. இடைவெளி, நடுவுல எண்ணே கிடையாது, தள்ளி நிக்கிற சுவர் படிக்கட்டு மாதிரி தெரியும். அதை கிராஃபாப் போட்டு ரிப்போர்ட்ல காட்டுங்க, நல்ல பக்கம் அது.

கேள்வி: ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டா போதுமா, எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்கணும்?

கேமரா கீழ விழுந்தாலோ, லாரி அதிர்வுல இருந்தாலோ, வெயில் காலம் மழைக் காலம்னு சூடு மாறினாலோ லென்ஸ் ரெண்டும் ஒரு துளி நகர்ந்துடும். நாங்க கேமரா பார்வைக்குள்ளயே ஒரு மூலையில மேட் பெயின்ட்ல புள்ளி புள்ளியா அடிச்ச ஒரு பலகையை நிரந்தரமா மாட்டி வச்சிருக்கோம், தினமும் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது அதோட தூரத்தை சிஸ்டம் தானா எடுத்து எழுதி வைக்கும், 5 மி.மீ.க்கு மேல மாறினா அளவெடுக்கிறதை நிறுத்திட்டு கேலிபரேஷன் ஓட்டுவோம். அந்த 5ங்கிறது எங்க வேலைக்கு, 1.5 மீட்டர் உயரத்துக்கு. உங்க சுவர் டெஸ்ட்ல வந்த துள்ளலைப் பார்த்துட்டு உங்க எண்ணை நீங்க வைங்க.