ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். சிறுகடன் நிறுவனத்தில் வசூல் வேலை. காலை 7 மணிக்கு சேரன்மகாதேவி, முக்கூடல் என்று பைக்கில் கிளம்பினால், கணக்கு முடித்து வீடு சேர இரவு 9 ஆகிவிடும். அதற்குப் பிறகும் வாட்ஸ்அப் குரூப்பில் டார்கெட் முடிக்காதவர்களின் பெயர்கள் வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வயிற்றைப் பிசைகிறது. யோகா செய் என்கிறார்கள். எனக்குத்தான் மனத்திடம் இல்லையா?

- ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மனத்திடத்தை விடுங்கள், முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் 2 மணி நேரம் கழித்தாலும் ஆறு நாளைக்கு 72 மணி நேரம் வருகிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்னார்கள். 35 முதல் 40 மணி நேரம் வேலை பார்ப்பவர்களோடு ஒப்பிட்ட கணக்கு அது. உங்கள் வயிறு சரியாகத்தான் பேசுகிறது. யோகா நல்லதுதான், ஆனால் அதைச் செய்ய நாளில் இடம் வேண்டாமா?

என் அப்பா டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வர மாட்டார், தாமிரபரணிப் படித்துறையான குறுக்குத்துறைக்குப் போவார். பல நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். சட்டையை மடித்துப் படியில் வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் பேசாமல் நிற்பார். கால்களை மீன்குஞ்சுகள் கடிக்கும். முங்கி எழுந்து, துண்டைப் பிழிந்து ஓங்கி ஒரு உதறு. "சரி, போவோம்" என்பார். அந்த உதறலோடு கடை முடிந்தது.

போன மாதம் அதே படித்துறையில் ஒருவரைப் பார்த்தேன். மடித்து வைத்த சட்டைக்குள் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தார். அரை மணி நேரத்தில் தலை நனையவில்லை. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

இரவு 9 மணிக்கு அந்தக் குரூப்பை மியூட்டில் போடுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், தூங்கிய நேரம் எழுதுங்கள். கூட வேலை பார்க்கிற நாலு பேரையும் எழுதச் சொல்லி, எல்லாருமாக மேனேஜரிடம் போங்கள். தனியாகப் போனால் "உனக்கு மட்டும் என்ன?" என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றும் இருக்குமோ என்று தோன்றுகிறது. முக்கூடலில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு அக்காவிடம், கையில் காசில்லை என்று தெரிந்தே தவணை கேட்டு நிற்பது. அந்தப் பாரம் நேரத்தைக் குறைத்தாலும் போகாது. வீட்டில் மனசுவிட்டுச் சொல்லுங்கள். தூக்கம் அடியோடு போனாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிட்டால் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நம்ம ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவும் இருக்கிறது.

நோட்டு இரண்டு வாரம் நிறைந்ததும், மேனேஜர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். காத்திருப்பேன்.