கடைக்கே வந்து பணம் வாங்கிப்போகும் வங்கித் தம்பி: கொடுக்கலாமா?

கேள்வி: கோயம்பேடு சந்தையில் வெங்காய மண்டி வைத்திருக்கிறேன். விடிய விடிய வியாபாரம். காலையில் கல்லாவில் ரொக்கம் நிற்கும். கணக்கு முடிக்காமல் கடையை விட்டு நகர முடியாது. நடப்புக் கணக்கு இருக்கும் தனியார் வங்கியிலிருந்து ஒரு தம்பி தினமும் வந்து எண்ணி வாங்கிக்கொண்டு போவார். மதியத்துக்குள் எஸ்எம்எஸ் வந்துவிடும். ஒன்றரை வருடமாக ஒரு ரூபாய் பிசகியதில்லை. இப்போது சில வாரங்களாகச் சில நாள் பணம் மறுநாள்தான் ஏறுகிறது. கேட்டால், "சர்வர் ஸ்லோ அண்ணே" என்கிறார். என் அம்மாவுக்கு 74 வயது. அவர் கணக்கிலிருந்து பணம் எடுத்துவந்து கொடுப்பதும் இவர்தான். நல்ல பையன். நான் வீணாகப் பயப்படுகிறேனா?

பதில்: வீண் பயமில்லை. நாளை முதல் அவர் கையில் ரொக்கம் கொடுப்பதை நிறுத்திவையுங்கள். அவர் திருடிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. உங்கள் கடை வாசலில் நிற்கிறபோது அவர் வங்கியின் ஆளா, தெரிந்த பையனா என்று காட்ட உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

இதே மாதிரி ஒரு விஷயத்தில் 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அலகாபாத்தில் அன்றைய இம்பீரியல் வங்கியில், அதாவது பிறகு ஸ்டேட் வங்கி ஆனதில், சியாமா தேவி என்பவர் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரரும் கணவரின் நண்பருமான ஒரு வங்கி ஊழியரிடம் பணத்தைக் கொடுத்துக் கணக்கில் போடச் சொன்னார். ரசீது வாங்கவில்லை. ஊழியர் சுருட்டிவிட்டார். அந்த அம்மாள் பணத்தைப் பழக்கத்தின் பேரில் கொடுத்தார், ஊழியர் அதை வங்கி வேலையாக வாங்கவில்லை, ஆகவே வங்கி பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. எதிர்ப்பக்கத் தீர்ப்பும் உண்டு. 2022-ல் பிரதீப் குமார் வழக்கில், கிசான் விகாஸ் பத்திரங்களில் நடந்த மோசடிக்கு அஞ்சல் துறையே பொறுப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது. காரணம், அங்கே ஊழியர் தன் வேலையைச் செய்கிற போக்கில்தான் தவறு நடந்தது. உங்கள் தம்பி இந்த இரண்டில் எந்தப் பக்கம் விழுவார் என்பது இப்போதைக்கு வங்கியின் வக்கீலுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்தது.

வழிப்பறிக்கும் இதே கதிதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் யாராவது அவர் பையைப் பிடுங்கிக்கொண்டு போனால், அனுமதியில்லாத கலெக்‌ஷன் என்று வங்கி கைகழுவலாம். காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். பணத்தை இழப்பது நீங்கள், வேலையை இழப்பது அவர்.

சரி, எஸ்எம்எஸ் தாமதம். ரொக்கம் கவுன்ட்டரில் கட்டினால் அந்த நிமிடமே கணக்கில் ஏறும். சர்வர் ஒரு நாள் படுக்கலாம், வாரத்துக்கு இரண்டு நாள் உங்கள் கணக்குக்கு மட்டும் படுக்காது. வங்கி ஆய்வுப் பிரிவில் வேலை பார்த்த யாரும் இதைக் கேட்டதும் முதலில் சந்தேகப்படுவது 'ரொட்டேஷன்'. திங்கட்கிழமை உங்கள் 80,000 ரூபாயை ஏதோ அவசரத்துக்கு எடுத்துவிடுகிறார் என்று வையுங்கள். செவ்வாயன்று அடுத்த மண்டிக்காரர் கொடுத்த பணம் உங்கள் கணக்குக்கு வரும். புதனன்று நீங்கள் கொடுக்கும் பணம் அந்த மண்டிக்காரர் கணக்குக்குப் போகும். யாருக்கும் ஒரு ரூபாய் குறையாது, எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும். பள்ளம் பெரிதாகப் பெரிதாக ஒரு நாள் இரண்டு நாளாகும். தம்பி காய்ச்சலில் படுத்தாலோ மாற்றலாகிப் போனாலோதான் குட்டு வெளிப்படும். முக்கியப் பொறுப்பில் இருக்கும் ஊழியர்களை முன்னறிவிப்பில்லாமல் 10 வேலை நாளாவது கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்வது இதற்காகத்தான். கலெக்‌ஷனுக்கு வரும் அவர் கடைசியாக எப்போது ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு எடுத்தார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கே ஆறு மாத ஸ்டேட்மென்டை எடுத்து, உங்கள் நாள்வழி நோட்டுடன் ஒத்துப்பாருங்கள். தொகை மட்டும் பார்த்தால் போதாது, தேதியையும் வரவுக்கு எதிரே உள்ள விவரத்தையும் பாருங்கள். கிளையில் ரொக்கம் கட்டியதாக இருந்தால் சரி. யாரோ ஒருவர் பெயரிலிருந்து யுபிஐ, ஐஎம்பிஎஸ் போன்ற ஆன்லைன் வழியில் வந்ததாக இருந்தால் உடனே உஷாராகுங்கள். உங்கள் ரொக்கம் எங்கோ போய், வேறு யாருடைய பணமோ உங்கள் கணக்குக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பணம் ஆன்லைன் மோசடியில் பறிபோனதாக இருந்தால், பறிகொடுத்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் புகார் செய்த கையோடு உங்கள் கணக்கு முடக்கப்படலாம். வெங்காயம் விற்ற நீங்கள் வேறு மாநில சைபர் போலீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சோதனை, சலானின் நோட்டு விவரம். 500 ரூபாய் நோட்டு இத்தனை, 200 இத்தனை, 100 இத்தனை என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கவுன்ட்டரில் முத்திரை போட்ட அடிக்கட்டையில் அதே கணக்கு இருக்கிறதா? மண்டிப் பணத்தில் பத்தும் இருபதும் கசங்கி வரும். அடிக்கட்டையில் முழுக்க 500 ஆக இருந்தால், கட்டப்பட்டது உங்கள் பணமல்ல. அடிக்கட்டையே தந்ததில்லை என்றால், கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

கள்ளநோட்டு விவகாரமும் உண்டு. கவுன்ட்டரில் போலி நோட்டு சிக்கினால், கட்டியவர் முன்னிலையில் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து ஒப்புகைச் சீட்டு தரவேண்டும். ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேல் இருந்தால் போலீசில் முதல் தகவல் அறிக்கை வரை போகும். "அண்ணே, உங்க கட்டுல ஒண்ணு போலி" என்று அவர் மாலையில் வந்து சொன்னால், அது உங்கள் நோட்டுதானா என்று எப்படிச் சொல்வீர்கள்?

கடைக்கு வந்து பணம் வாங்குவது சட்டவிரோதம் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி முறைப்படி செய்யலாம். ரிசர்வ் வங்கியின் 2007 வழிகாட்டுதல்படி, வாடிக்கையாளருடன் ஒப்பந்தம் வேண்டும், வாங்கும் ரொக்கத்துக்கு வங்கியின் பெயரில் ரசீது தரவேண்டும், அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் வரவு வைத்து அந்தத் தேதியைத் தெரிவிக்க வேண்டும். மறுநாள் வரவு இங்கே அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் கையில் ரசீது இருக்கும். பெரிய கடைகளுக்கு வங்கிகள் இதைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரேடியன்ட் போன்ற பண மேலாண்மை நிறுவனங்கள் வழியாகச் செய்கின்றன. உங்கள் கணக்கின் சராசரி இருப்பைக் காட்டிக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம், கூச்சப்பட வேண்டாம். அதுவரை உங்கள் ஆளை ரொக்கம் போடும் இயந்திரத்துக்கு அனுப்புங்கள். ஒரு தடவைக்கு உச்ச வரம்பு உண்டு, கசங்கிய நோட்டைத் துப்பும், எரிச்சல்தான். ஆனால் சீட்டு கையோடு வரும்.

கிளை மேலாளருக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இவ்வளவு போதும்: "தங்கள் கிளை ஊழியர் இன்னார் தினமும் என் கடைக்கு வந்து ரொக்கம் பெற்றுச் செல்கிறார். இது வங்கியின் அனுமதியுடன் நடக்கும் சேவையா? ஆம் எனில் ஒப்பந்த நகலும் ரசீது முறையும் தெரிவிக்கவும்." பல கிளைகளில் மேலாளரே டார்கெட்டுக்காகக் கண்டும் காணாமல் அனுப்புவார், எழுத்தில் கேட்டால்தான் அவர் ஏதாவது ஒரு பக்கம் நிற்க வேண்டிவரும். பதிலே வராவிட்டாலும், வங்கிக்குத் தெரியும் என்பதற்கு அந்த மின்னஞ்சல் நாளை சாட்சி.

ஒத்துப்பார்த்ததில் பணம் குறைந்தால், தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி முடிக்கலாம் என்று போகாதீர்கள். அவர் அழுதுகொண்டே புரோநோட்டு எழுதிக் கொடுப்பார், நீங்களும் மனமிரங்கி வாங்கிவிடுவீர்கள். அது உங்கள் இருவருக்குள் நடந்த கைமாற்று என்று வங்கி வாதாட அந்த ஒரு காகிதம் போதும். கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது வங்கிப் புகார்களுக்கான குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. ஆனால் நீண்ட சாட்சி விசாரணை தேவைப்படும் புகாரை அவர் ஏற்காமல் விடலாம், அதனால் போலீஸ் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். தொகை பெரிதென்றால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவு இருக்கிறது. வங்கியாளர் செய்யும் நம்பிக்கை மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்னும் குற்றவியல் சட்டத்தின் 316(5)-ன்படி ஆயுள் தண்டனை வரை உண்டு. மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கியே ஈடுகட்டும் என்று யாராவது சொல்வார்கள். ரிசர்வ் வங்கியின் அந்த 2017 விதி மின்னணுப் பரிவர்த்தனைக்கானது, கையில் கொடுத்த ரொக்கத்துக்கு உதவாது.

அம்மா விஷயம். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து ரொக்கம் தரவும் வாங்கவும் வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லியிருக்கிறது. கிளையில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து முறைப்படி கேளுங்கள். அதற்கு முன் இரண்டு வேலை: அம்மா கையெழுத்துப் போட்டு வைத்திருக்கும் காசோலைகளையும் பணம் எடுக்கும் படிவங்களையும் தம்பியிடமிருந்து திரும்ப வாங்கி, காசோலைப் புத்தகத்தில் எண் வரிசை விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அம்மாவின் கணக்கில் பதிவாகியிருக்கும் மொபைல் எண் யாருடையது என்பதையும் கிளையிலேயே நேரில் கேட்டுவிடுங்கள்.