பசுமை வீடு: கன்னி மூலையும் சதுர அடி ரேட்டும்

கேள்வி: திருநெல்வேலி மாவட்டம் முக்கூடலில் எங்களுக்குக் கிழக்குப் பார்த்த 5 சென்ட் மனை இருக்கிறது. கீழே எங்களுக்கு 1,100 சதுர அடி, மாடியில் வாடகைக்கு 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் என்று திட்டம். வங்கியில் 28 லட்சம் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். "பசுமைக் கட்டடம்னா 20 சதவீதம் கூடும், இங்க அதுக்கு ஆளும் கிடையாது" என்கிறார் எங்கள் இன்ஜினீயர். பெங்களூரில் இருக்கும் மகனோ, சர்டிபிகேட் வாங்குகிற மாதிரி கட்டுங்கள், அரசாங்கம் சலுகை தரும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மின்சாரம், தண்ணீர், பொருள் எல்லாம் குறைவாகச் செலவாகிற மாதிரி கட்டுவதுதான் பசுமைக் கட்டடம். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆள் கிடைப்பது கஷ்டம் என்று இன்ஜினீயர் சொல்வது சரி. 20 சதவீதம் என்பதுதான் சரியில்லை. நிலையான வளர்ச்சிக்கான உலக வணிக மன்றம் 2007-ல் பல நாடுகளில் 1,400 பேரிடம் இதையே கேட்டது. பசுமைக் கட்டடத்துக்கு 17 சதவீதம் கூடுதலாகும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். நிஜத்தில் சுமார் 5 சதவீதம்தான் கூடும் என்றது அந்த அறிக்கை. பிளான் எல்லாம் முடிந்தபிறகு, அதன் தலையில் சோலார், விலை கூடிய கண்ணாடி, இறக்குமதிப் பெயிண்ட் என்று ஏற்றினால் 20 என்ன, 30 கூட ஆகும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்தால் முக்கால்வாசி விஷயங்களுக்குத் தனிச் செலவே கிடையாது. நீங்கள் இன்னும் தோண்டவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். முக்கூடல் தாமிரபரணி ஆற்றங்கரை ஊர். 1992 வெள்ளத்திலும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளிலும் உங்கள் மனையில் எதுவரை தண்ணீர் ஏறியது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். 2023-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழை நம் பக்கம் வராது என்று யாரும் எழுதித் தர முடியாது. அந்தத் தண்ணீர்த் தடத்துக்கு மேலே பேஸ்மென்ட் உயரம் இருக்கட்டும். இதைப் பசுமைப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு வெள்ளத்தில் கதவு, நிலை, வயரிங் எல்லாவற்றையும் மாற்றவேண்டி வந்தால், மிச்சம் பிடித்த சிமெண்டெல்லாம் அதிலேயே போய்விடும்.

அடுத்து வெயில். பசுமைக் கட்டடம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை வடக்கே தூரத்தில் உள்ள ஊர்களுக்கு எழுதியவை. அங்கே வடக்குச் சுவரில் நடுப்பகல் வெயில் விழாது. நாம் ஏறத்தாழ 8.7 பாகை வடக்கில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் சூரியன் நம் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை வடக்குப் பக்கமே நிற்கிறது. ஆகவே அக்னி நட்சத்திரத்தில் உங்கள் வடக்குச் சன்னலுக்கும் வெயில் உண்டு. நல்லவேளையாக அது செங்குத்தான வெயில். இரண்டடி சன்சேட் போட்டால் வடக்கும் தெற்கும் அடங்கிவிடும். கிழக்கும் மேற்கும் அப்படி அடங்காது. சாய்ந்து வரும் வெயிலை எந்தச் சன்சேடாலும் மறிக்க முடியாது.

இங்கேதான் கன்னி மூலை வருகிறது. வாஸ்துப்படி பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில் இருக்கவேண்டும் என்பார் உங்கள் மேஸ்திரி; உங்கள் வீட்டுக்காரரும் அதையே சொல்வார். மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணிவரை வெயில் குடிக்கும் மூலை அது. குடித்த சூட்டை ஒன்பதங்குலச் சுவர் ராத்திரிதான் உள்ளே விடும், சரியாக நீங்கள் படுக்கப் போகும் நேரத்தில். வாஸ்துவோடு நான் சண்டை போடுவதில்லை. அது வேலைக்கு ஆகாது, வாடிக்கையாளரையும் இழக்கவேண்டும். அறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும். ஆனால் அதன் மேற்குச் சுவர் முழுக்க உள்பக்கம் அலமாரி கட்டிவிடுங்கள், மேலே பரண். துணியும் பாத்திரமும் அடைத்த அலமாரி சூட்டை நன்றாகத் தடுக்கும். அப்படியே மேற்குச் சுவரோடு மாடிப்படி, குளியலறை, சாமான் அறை என்று வரிசையாகப் போடுங்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. ஆனி, ஆடியில் மலைப்பக்கமிருந்து வருகிற மேல்காற்றுதான் நம் ஊரின் குளிர்சாதனம். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாளில் கடையம், முக்கூடல் பக்கமெல்லாம் அந்தக் காற்று இறங்கும். மேற்கை முழுவதும் அடைத்துவிட்டால் அதை இழப்பீர்கள். அதனால் மாடிப்படிக் கூண்டின் மேற்குச் சுவரை இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய ஓட்டைச் சுவராகக் கட்டச் சொல்லுங்கள். வெயிலில் பெரும்பகுதி அங்கேயே நிற்கும், காற்று மட்டும் படி வழியாக வீட்டுக்குள் இறங்கும். கிழக்கே தார்சாவில், அதாவது முன்கூடத்தில், சன்னல் திறந்திருந்தால் போதும், இழுத்துக்கொண்டு போகும். பழைய வளவு வீடுகளில் முற்றம் செய்த வேலை இது. 5 சென்டில் முற்றம் விட உங்களுக்கு மனசு வராது என்பது தெரியும், அதனால்தான் படியைப் பிடிக்கிறேன்.

இப்போது கூரை. வாடகை போர்ஷனை எங்கே வைக்கப் போகிறீர்கள்? பெரும்பாலும் முன்பக்கம் தெரு பார்க்க வைப்பார்கள். நீங்கள் அதைப் பின்பக்கம், உங்கள் படுக்கையறைகளின் தலைக்கு மேல் வையுங்கள். மாடி வீடே உங்களுக்குக் குடையாகிவிடும். ஹாலுக்கு மேல் மட்டும் திறந்த தட்டட்டி (மொட்டை மாடி) வரும். அது ராத்திரி பத்து மணிவரை கொதித்தாலும் நீங்கள் அங்கே தூங்கப் போவதில்லை.

சரி, மாடிவீட்டின் கூரை? அங்கே சூடு தாங்கப்போவது குடியிருப்பவர், கரண்ட் பில் கட்டுவதும் அவர். கூரைக்குச் செலவு செய்யவேண்டியவர் நீங்கள். அதனால் "வாடகை வீட்டுக்கு எதுக்கு ஓடு, சும்மா சிமெண்ட் பூசி விட்ருவோம்" என்று யோசனை வரும். வளரும் நாடுகளில் பசுமைக் கட்டடம் ஏன் பரவவில்லை என்று ஆராய்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதும் தடை இதுதான்: செலவழிப்பவர் ஒருவர், பலன் பெறுபவர் இன்னொருவர். உங்கள் ஒரே வீட்டில் அது மாடியும் கீழுமாக இருக்கிறது. என் யோசனை, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டை ஓடு பதியுங்கள். அது கட்டுப்படியாகாவிட்டால் வெள்ளை ஓடாவது. அதுவும் இல்லையென்றால் மாசி கடைசியில் வருஷா வருஷம் வெள்ளைச் சுண்ணாம்பு. சித்திரை வெயிலில் குடித்தனக்காரர் காலி பண்ணி, வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆகும் நஷ்டத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதே கோளாறு உங்கள் இன்ஜினீயர், காண்ட்ராக்டர், வங்கி மூன்றிலும் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. காண்ட்ராக்டருக்குச் சதுர அடி ரேட். கம்பியும் செங்கலும் குறைந்தால் உங்களுக்கு ஒரு பைசா மிஞ்சாது. இன்ஜினீயருக்கு எஸ்டிமேட்டில் சதவீதம் என்றால், செலவு குறைந்தால் அவர் கூலியும் குறையும். ஆகவே இன்ஜினீயரிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள், கொத்தனாரிடம் லேபர் மட்டும் பேசிப் பொருளை நீங்களே வாங்குங்கள். அலைச்சல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

வங்கி வேல்யூவர் சதுர அடியைப் பார்ப்பார், மேற்குச் சுவரைப் பார்க்கமாட்டார். மெக்சிகோவில் தொழிலாளர் வீட்டுநிதி நிறுவனமான இன்ஃபோனாவிட் 2007-ல் 'பசுமை அடமானக் கடன்' கொண்டுவந்தது. தண்ணீரும் மின்சாரமும் மிச்சம் பிடிக்கும் சாதனங்களுக்கென்று வீட்டுக்கடனோடு கூடுதல் தொகை கொடுத்தார்கள். மாத பில் குறைவதால் அந்தக் கூடுதல் தவணையைக் கட்ட முடியும் என்பது கணக்கு. நம் ஊர்க் கிளை மேலாளரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், டீ வாங்கித் தருவார்.

ஆள் விஷயத்துக்கு வருவோம். எலிப்பொறிக் கட்டு என்று ஒரு முறை உண்டு. செங்கலைப் படுக்கப் போடாமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. சுவர் அதே ஒன்பதங்குலம், செங்கல் சுமார் 25 சதவீதம் குறையும், நடுவில் இருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் இதை ஊர் ஊராகக் கட்டிக் காட்டினார். கொல்லத்தில் 1980-களின் நடுவிலேயே 'நிர்மிதி கேந்திரம்' தொடங்கிக் கொத்தனார்களுக்குச் செலவு குறைந்த கட்டுமானத்தில் பயிற்சி கொடுத்தார்கள். செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார்கள், இந்தப் பக்கம் தேடவேண்டியிருக்கிறது. எதற்கு மானியம் கொடுத்தாலும் கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பலனில்லை என்பது என் அபிப்பிராயம்.

அனுபவத்தில்தான் சொல்கிறேன். முதன்முதலில் நான் போட்ட ஃபில்லர் ஸ்லாப் ஒழுகியது. கான்கிரீட்டின் அடிப்பகுதியில் கூரை ஓடுகளை வைத்து, அவ்வளவு கான்கிரீட்டை மிச்சம் பிடிக்கிற முறை அது. ஓடுகளை முந்தின நாளே தண்ணீரில் ஊறப்போடவேண்டும். இல்லையென்றால் கான்கிரீட்டின் தண்ணீரை அவை குடித்துவிடும். நான் சொன்னேன் என்று நினைத்தேன், கொத்தனார் கேட்கவில்லை என்றார். இருவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் இன்றும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. அதனால் ஃபில்லர் ஸ்லாபை உங்களுக்குச் சிபாரிசு செய்யவில்லை. எலிப்பொறிக் கட்டு செய்யலாம். தெரிந்த ஒருவரை முதல் ஒரு வாரம் கூட்டிவந்து உங்கள் கொத்தனாரோடு நிறுத்துங்கள், பிடித்துக்கொள்வார். தூண் வைத்துக் கட்டினாலும் இடைச்சுவர்களுக்கு இது ஆகும்.

அதற்குச் செங்கல் ஒரே அளவாக இருக்கவேண்டும். நாட்டுச் செங்கல் கோணல்மாணலாக வரும். தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பலில் செய்கிற ஃப்ளை ஆஷ் கல் அளவு பிசகாது; குளத்து மண்ணும் சூளை விறகும் மிச்சம். ஆனால் சரியாகத் தண்ணீர் விடாமல் அவசரத்தில் விற்கிறவர்கள் உண்டு. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்கவேண்டும். காய்ந்த கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்க ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். சிமெண்டும் சாம்பல் கலந்த பிபிசி (போர்ட்லாண்ட் பொசொலானா) ரகமே போதும், ஆனால் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் விடவேண்டும்.

கடைசியாக உங்கள் மகன் சொன்ன சலுகைகள். பல மாநிலங்களில் பசுமைச் சான்றுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை கூடுதல் தளப்பரப்பு, அதாவது எஃப்எஸ்ஐ. உங்கள் மனை 2,178 சதுர அடி. தமிழ்நாட்டு விதிப்படி அதன் இரண்டு மடங்குவரை கட்டலாம். நீங்கள் கட்டுவதோ 1,700. இருப்பதையே பயன்படுத்தாத உங்களுக்குக் கூடுதல் எஃப்எஸ்ஐ எதற்கு? அது அடுக்ககம் கட்டுகிறவர்களுக்கான மிட்டாய். ஐஜிபிசி, கிரிஹா என்று இந்தியாவில் தருகிற பசுமைச் சான்றுகளுக்குக் கட்டணம், ஆவணம், ஆலோசகர் என்று செலவு உண்டு. கல்லூரியோ மருத்துவமனையோ கட்டினால் வாங்குங்கள் என்பேன். உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி, வளரும் நாடுகளுக்கென்றே 'எட்ஜ்' என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. மின்சாரம், தண்ணீர், கட்டுமானப் பொருள் என்ற மூன்று கணக்கிலும் 20 சதவீதம் மிச்சமாகவேண்டும் என்பது அளவுகோல். அதன் மென்பொருள் இணையத்தில் இலவசம். மகனை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து உங்கள் பிளானை அதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஆர்வமும் தீரும் காசும் மிஞ்சும்.

சோலாருக்கு உண்மையிலேயே மானியம் இருக்கிறது. 2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000. ஆனாலும் உடனே போடாதீர்கள். நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேலும் 500 யூனிட் வரை சலுகை விலை. ஏசி இல்லாத உங்கள் வீடு 250, 300 யூனிட்டில் நிற்கும். ஒரு கிலோவாட் சோலாரே இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 240 யூனிட் தரும். இவ்வளவு குறைந்த பில்லை மிச்சம் பிடிக்கப் போட்ட முதல் திரும்பி வரப் பல வருஷம் ஆகும். மின்சார விலையைக் குறைத்துக் கொடுப்பதும் ஒரு தடையாகிவிடுவது இப்படித்தான். ஏசி வந்து 500 யூனிட்டைத் தாண்டும் நாளில் போடுங்கள். அதற்கு இப்போதே தட்டட்டியில் 300 சதுர அடியைத் தண்ணீர்த் தொட்டி நிழல் விழாமல் விட்டு, கீழே மீட்டர்வரை ஒரு காலி பைப் இறக்கி வையுங்கள்.

அந்தப் பணத்தில் பிஎல்டிசி மின்விசிறி வாங்குங்கள். சாதா விசிறி 75 வாட், இது 30 வாட். நான்கு விசிறி தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் சுமார் 130 யூனிட் மிச்சம்.

மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. நிறைய வீடுகளில் பைப் சுவரோடு இறங்கித் தரையில் சிமெண்டுக்குள் செருகி நிற்கும், குழியே இருக்காது. உங்கள் 1,100 சதுர அடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் ஏறத்தாழ 1,000 லிட்டர். உண்மையான குழி ஒன்றும், நிரம்பினால் தெருவுக்குப் போக ஒரு வழியும் வேண்டும்.

இன்னொன்று, மேற்கு எல்லையில் இரண்டு புங்கங்கன்றுகளை இந்த ஐப்பசி மழைக்கே வைத்துவிடுங்கள், வீடு முடியும்வரை காத்திருக்கவேண்டாம். சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைக்க இடமில்லை என்றால் பின்மனைக்காரரிடம் கேட்டு அவர் பக்கம் வைக்கலாம். நிழல் உங்களுக்கு விழும். செங்கல் லாரி திரும்பும் இடத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.