வாரணவாசிக்குக் குழந்தைகளோடு – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. அரியலூர் பக்கம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாமா? பத்து நிமிஷத்தில் “போலாம்ப்பா” என்று இழுப்பார்களோ என்று பயம். பையன் வேறு டைனோசர் கனவில் இருக்கிறான்.

க.

அன்புள்ள க.,

தாராளமாகக் கூட்டிப்போங்கள். டைனோசர் பேச்சை மட்டும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். அந்த மண்ணில் பெரும்பகுதி, சுமார் பத்து கோடி வருஷத்துக்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்துக் கடலடி. டைனோசர் எலும்புத் துண்டுகள் கல்லமேடு பக்கம் கொஞ்சம் கிடைத்தன. மற்றபடி சிப்பி, நத்தை, கடல் முள்ளெலி, அம்மோனைட் என்ற அழிந்துபோன கடலுயிரின் ஓடு, இவைதான். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் வெளிப்பட்டபோது டைனோசர் முட்டை என்று பரபரப்பானது. நிலவியலாளர்கள் பார்த்து, முட்டை இல்லை என்றார்கள். பையனுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கிளம்பும் முன் நாட்டு மருந்துக் கடையில் ‘கடல் நுரை’ வாங்குங்கள். நுரையெல்லாம் இல்லை, கணவாய் மீனின் உள்ளோடுதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும். ஒடித்து, ஒடிந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் மெல்லிய அடுக்குகள். அடுக்குகளுக்கு இடையே காற்று நிரம்பிய இடைவெளி. அதனால்தான் மிதக்கிறது. ஆட்டுக்கடா கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட்டைப் பார்த்ததும் குழந்தைகள் நத்தை என்பார்கள். அது கணவாயின் உறவு. அதன் ஓட்டுக்குள்ளும் அறை அறையாகத் தடுப்பு உண்டு. சில கற்களின் மேல் இலை நரம்பு மாதிரி நெளிகோடுகள் தெரியும்: உள்தடுப்பு ஓட்டைத் தொட்ட இடம் அது. மேலோடு கரைந்துபோய் உள்ளே நிரம்பிய சேறு கல்லானதால் வெளியே தெரிகிறது.

எல்லாப் பெட்டியும் பார்க்க வேண்டாம். மூன்று கல் போதும், முக்கால் மணி நேரம் போதும். சிறிய டார்ச் கொண்டுபோங்கள். நேராக அடித்தால் கண்ணாடி பளபளத்து ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்தால் வரிகளில் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். சின்னவளைத் தூக்கிக்கொள்ளுங்கள். திறந்திருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

பத்து கோடி வருஷம் என்றால் பெரியவனுக்கு என்ன புரியும்? ஒரு தாள் ஆயிரம் வருஷம் என்று வையுங்கள். 500 தாள் கட்டு ஒன்று ஐந்து லட்சம் வருஷம். பத்து கோடிக்கு அப்படி 200 கட்டு; அடுக்கினால் மூன்று மாடி உயரம்.

தெம்பிருந்தால் சாத்தனூர் கல்மரத்தை, அதாவது கல்லாகிப்போன மரத்தை, காலையிலேயே பார்த்துவிடுங்கள். 18 மீட்டர், மகளை எட்டு வைத்து அளக்கச் சொல்லுங்கள். காரை என்ற ஊரின் மண் பள்ளங்கள் இப்போதைக்கு வேண்டாம்: நிழல் கிடையாது, சரிவில் மண் வழுக்கும். எங்கேயும் கல் பொறுக்கி வராதீர்கள்.

அதற்குப் பதில் வீட்டில் ஒன்று செய்யலாம். கெட்டியான சப்பாத்தி மாவில், எண்ணெய் தடவிய சிப்பியை அழுத்தி எடுங்கள். எண்ணெய் இல்லாவிட்டால் மாவு ஒட்டிப் பிய்ந்து வரும். ஒரு பங்கு தண்ணீரில் இரண்டு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தூவிக் கலக்குங்கள். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். குழியில் ஊற்றி, மெல்லத் தட்டிக் குமிழ்களை வெளியேற்றி, அரை மணி கழித்துப் பிரித்தெடுங்கள். ஈரம் கோத்த பழைய பொடி சரியாக இறுகாது, புதிதாக வாங்குங்கள். இறுகும்போது சூடேறும், பிள்ளைகள் அதற்குள் கையை விட வேண்டாம். மீந்ததைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள்ளேயே கல்லாகிவிடும்.