வளவுப் பக்கம்: ஆட்டுக் கொட்டிலில் பூனை படுக்கலாமா?

கேள்வி: எங்களிடம் ஐந்து ஆடுகள் நிற்கின்றன. சந்தையடியில் விட்டுப்போன நான்கு பூனைகளையும் எடுத்து வளர்க்கிறோம். போன மாதம் ஒரு ஆடு நாலாம் மாதத்திலேயே செத்த குட்டி போட்டது. பூனையால்தான் என்று மாமி சொல்கிறார். பூனைகளை எங்காவது கொண்டுபோய் விட வேண்டுமா?
வாசகி, கொடிகாமம்

பதில்: வேண்டாம் தங்கச்சி. ஆனால் மாமி சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

என் வளவிலும் இது நடந்தது. ஆடு ஏறக்குறைய 150 நாள் சுமக்கும். எங்கள் செவலை நாலு மாதம் முடியும் முன்னே இரண்டு குட்டி போட்டாள். இரண்டும் உயிரில்லை, ஒன்று ஒடியல் போலக் காய்ந்து சுருங்கியிருந்தது. வந்த மிருக வைத்தியர் அதைப் பார்த்தவுடன் கேட்டது, "பூனை எங்கே குட்டி போடுகிறது?" என்று. கையைக் காட்டினேன். கொட்டில் மூலையில், ஆட்டுக்கு வைத்த வைக்கோலின் மேல், கறுப்பி மூன்று குட்டிகளோடு படுத்திருந்தாள். பக்கத்தில் தவிட்டுச் சாக்கு வாய் திறந்து கிடந்தது. கிண்டிப் பார்த்தால் உள்ளே பூனை மலம்.

டொக்ஸோபிளாஸ்மா என்று ஒரு நுண்ணுயிர். எலி, பச்சை இறைச்சி தின்னும் இளம் பூனைக்கு முதல் தடவை தொற்றும்போது, ஒன்றிரண்டு கிழமைக்கு அதன் வித்துகள் மலத்தோடு வெளியேறும். ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சினை ஆடு அதைத் தீனியோடு தின்றால் வயிற்றுக் குட்டி சாகலாம். வளர்ந்த பூனைகள் பெரும்பாலும் இதைக் கடந்து வந்திருக்கும், சின்னக் குட்டிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆடு குறைமாதத்தில் போட வேறு நோய்களும் காரணமாகலாம். அதனால் வைத்தியர் பார்க்காமல் பூனையின் மேல் பழி போடாதீர்கள்.

நான் செய்தது இவ்வளவுதான். தவிடும் பிண்ணாக்கும் மூடியுள்ள பரலுக்குள் போயின. குழையைக் கொக்கத்தடியால் வெட்டி வந்ததும் நிலத்தில் போடாமல் கட்டி வளையில் தூக்குகிறேன். ஆட்டுக்கும் தலை நிமிர்த்தித் தின்னத்தான் விருப்பம். பூனைகளுக்கு மாமரத்தின் கீழ் ஒரு பெட்டியில் மணல் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் விடிய அள்ளிவிடுவேன். வெளியே வந்த வித்துகள் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், ஆகையால் ஒரு நாளும் தவற விடுவதில்லை. அள்ளியதைக் கிணற்றிலிருந்து தள்ளி ஆழமாகப் புதையுங்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், மேலே விட்டது கெதியில் கீழே நீரில் கலந்துவிடும். அப்புறம், பெண் பூனைகளுக்குக் கருத்தடை செய்தேன். வருடா வருடம் புதுக்குட்டிகள் வருவது நின்றதே பெரிய ஆறுதல்.

செத்த குட்டியையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொட வேண்டாம். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் மணல் பெட்டிப் பக்கம் அவர் போகக்கூடாது. ஆட்டுப்பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

கேள்வி: கோயில் வாசலில் கண் திறக்காத இரண்டு பூனைக்குட்டிகள் கிடந்தன. வீட்டில் ஆட்டுப்பால் இருக்கிறது. பசுப்பால்தான் ஒத்துவராது, ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்கிறார்களே, சரியா?
வாசகர், நீர்வேலி

பதில்: ஆட்டுப்பாலிலும் அதே பாற்சர்க்கரை இருக்கிறது தம்பி. அதை மட்டும் கொடுத்தால் வயிற்றாலே போகும்; அந்த வயதில் ஒரு நாள் வயிற்றாலே போனாலே குட்டி தாங்காது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவைத் தேடுங்கள். கிடைக்கும் வரை ஒன்றிரண்டு நாளுக்கு, காய்ச்சி ஆறிய ஆட்டுப்பாலில் முட்டை மஞ்சட்கருவை அடித்துக் கலந்து சமாளிக்கலாம்.

பாலுக்கு முந்தியது சூடு. குளிர்ந்த குட்டிக்குப் பால் செமிக்காது. வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், காதும் வாயும் இளஞ்சூடாக இருந்தால் பால் கொடுக்கலாம். மல்லாத்திப் பிடிக்காதீர்கள், பால் நெஞ்சுக்குள் போய்விடும். தாயின் மடியில் கிடப்பதுபோல வயிறு கீழே இருக்க வேண்டும். முதற்கிழமை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவிலும்தான். ஒவ்வொரு தடவையும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிவிடுங்கள். தாய் நக்கிவிடுவது இதற்குத்தான். மூன்று கிழமை வரை அவற்றால் தாமாகச் சிறுநீர் கழிக்க முடியாது. இதைத் தெரியாமல் நான் ஒரு குட்டியை இழந்திருக்கிறேன்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். பனடோலில் கால்வாசி கொடுக்கலாமா?
வாசகி, சங்கானை

பதில்: கால்வாசி அல்ல, ஒரு துணுக்கும் கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது, இரத்தம் பழுதாகி மூச்சுத் திணறும். ஏற்கெனவே கொடுத்துவிட்டால் பல் முரசு நிறம் மாறும் வரை பார்த்திருக்காமல் உடனே வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கேள்வி: மரவள்ளி பிடுங்கிய தோட்டத்தில் இலை நிறையக் கிடக்கிறது. ஆட்டுக்குப் போடலாமா?
வாசகர், புத்தூர்

பதில்: பச்சையாக வேண்டாம். அதில் சயனைட்டு உண்டாகும். பசியோடு நிற்கும் ஆடு வயிறு நிறையத் தின்றால் வைத்தியர் வருவதற்குள் விழுந்துவிடும். சிறிதாக வெட்டி, பாயில் பரப்பி, கையில் நொறுங்கும் வரை வெயிலில் காயவிட்டு, மற்றத் தீனியோடு ஒரு பிடி கலந்து கொடுக்கலாம். இந்த மழைக்கு அது காயாது. பூவரசங்குழையும் கிளிசரியாவும் வேலியில் நிற்குந்தானே, தை வெயில் வரும் வரை அதை வெட்டிப் போடுங்கள்.